வரிப் படிவத்தில் இரண்டு கேள்விகள்



கனடாவில் குடியேறி, விடுமுறையில் ஊர் வந்திருந்த ஒரு குடும்பத்தார் ஜும்ஆ தொழுகைக்குப் பின் என்னிடம் விளக்கம் கேட்டனர். "அந்நாட்டு வருமான வரிப் படிவத்தில் தேர்தல் சம்பந்தமாக இரண்டு கேள்விகள் உள்ளன. கணக்கர் எங்களைக் கேட்காமலேயே 'ஆம்' என்று குறித்துவிடுகிறார். இதில் எங்களுக்குப் பொறுப்பு உண்டா?" என்றனர். உங்களில் பலருடைய பிள்ளைகளும் அங்கு வாழ்வதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

பொறுப்பு நிச்சயம் உண்டு. படிவத்தில் உள்ளவை உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுபவர் நீங்கள். அது ஒரு சாட்சியம். சாட்சியத்தின் கனத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதல் கேள்வி, நீங்கள் கனடியக் குடியுரிமை பெற்றவரா என்பது. நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் எத்தனை ஆண்டுகள் வரி செலுத்தியிருந்தாலும் 'இல்லை' என்றே குறிக்க வேண்டும். கூட்டாட்சித் தேர்தலில் அவருக்கு வாக்குரிமை இல்லை. தகுதியில்லை என்று அறிந்தே பதிவு செய்துகொள்வது அங்கே குற்றம். கணக்கரின் அவசரக் கைக்கு இதை விட்டுவிடலாகாது.

இரண்டாவது கேள்வி குடிமக்களுக்கு மட்டும் உரியது. பெயர், முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை ஆகிய விவரங்களை வரித்துறை தேர்தல் அமைப்புக்கு அனுப்பச் சம்மதமா என்று அது கேட்கிறது. வருமான விவரம் எதுவும் போவதில்லை. முற்காலத்தில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாக்காளர்களைக் கணக்கெடுத்தனர். 1997 முதல் நிரந்தரப் பதிவேடு ஒன்று உள்ளது. வீடு மாறியவரின் புதிய முகவரி அதில் ஏறாவிட்டால், அவருடைய வாக்காளர் தகவல் அட்டை பழைய வீட்டுக்கே போய்ச் சேரும். வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறும் நம் குடும்பங்களுக்கே இந்த இழப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

சம்மதம் அடுத்த படிவம் தாக்கல் செய்யும் வரைக்குமே செல்லும். ஆண்டுதோறும் புதிதாகத் தர வேண்டும். பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும் பெயரும் முகவரியும் அரசியல் கட்சிகளுக்கும் வழங்கப்படுகின்றன. அதை விரும்பாதவர் மறுக்கலாம். மறுப்பதால் வாக்குரிமை பறிபோகாது.

14 முதல் 17 வயது வரையுள்ள குடிமக்களுக்கு 2019 முதல் வருங்கால வாக்காளர் பதிவேடு என்று தனியே ஒன்று உண்டு. அவர்களும் தம் வரிப் படிவத்தின் வழியே அதில் சேரலாம்.

2025 பொதுத் தேர்தல் ஏப்ரல் 28 அன்று நடந்தது. வரிப் படிவத்துக்குப் பெரும்பாலோருக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. கடைசி நாள் வரை காத்திருந்தவர்களின் படிவம் அந்தத் தேர்தலுக்கு எப்படி உதவியிருக்கும்? இடையில் வீடு மாறியவர் அடுத்த படிவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்தல் அமைப்பின் இணையதளத்தில் முகவரியைத் திருத்திக்கொள்ளலாம். அதுவும் தவறினால், அடையாளத்தையும் முகவரியையும் காட்டும் ஆவணங்களுடன் வாக்குச்சாவடிக்குச் சென்றால் அங்கேயே பதிவு செய்து வாக்களிக்கலாம்.