தெருமரத்துக்கு எத்தனை அடி?

2018 நவம்பர் 16 விடியும் முன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தை உலுக்கிவிட்டுத்தான் மேற்கே போனது. கொத்தமங்கலம், வடகாடு, கீரமங்கலத்தில் சாய்ந்த தென்னையையும் பலாவையும் பற்றி ஊரே பேசியது. அது வயிற்றுப்பாடு, பேசத்தான் வேண்டும். ஆனால் புதுக்கோட்டை நகரில் ராஜகோபாலபுரம் பக்கம் எங்கள் தெருவில் விழுந்த மரங்களை அறுத்து லாரியில் ஏற்றியதோடு சரி.

அறுப்பதற்கு முன் அடிப்பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். விழுந்தவை பெரும்பாலும் மயில்கொன்றை. மடகாஸ்கர் மரம், மே மாதம் பூத்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் கட்டை மெத்து, வேரும் மேலோட்டம். அதைவிட முக்கியம், சாக்கடை கட்டும்போது ஒரு பக்கத்து வேரையே வெட்டியிருந்தார்கள். ஒற்றைக் காலில் நின்ற மரத்தைக் காற்று தள்ளிவிட்டது, அவ்வளவுதான். சிலவற்றில் வேர் நாற்றுப்பை அளவிலேயே சுருண்டு கிடந்தது. பையைக் கிழிக்காமல் நட்ட புண்ணியவான் யாரோ!

மறுநடவுக்குக் கூடியபோது, "சார், சீக்கிரம் வளர்ற மரமா வைங்க" என்றார் எதிர்வீட்டுத் தம்பி. அவர் மனதில் இருந்தது கோனோகார்பஸ். நான் ஒப்பவில்லை. பின்னால், 2025 தொடக்கத்தில், தமிழக அரசே அதை நடக்கூடாது என்று சொல்லிவிட்டது.

கடைசியில் மின்கம்பி போகும் பக்கம் புங்கன், பூவரசு என்று முடிவானது. எதிர்ப்பக்கம் வேம்பு. முனையில் ஒரு மகிழம். திருக்கோகர்ணம் கோயிலின் தலமரம். மெதுவாகத்தான் வளரும், வளரட்டுமே.

குழிதான் பெரும்பாடு. இங்கே அரையடி தோண்டினால் செம்புறாங்கல், கடப்பாரை தெறிக்கும். அதற்காகக் குழியைச் சுருக்கினால் கன்று தொட்டியில் வைத்த மாதிரி ஆகிவிடும். மூன்றடி ஆழம், மூன்றடி அகலம் எடுத்து, குளத்து வண்டலும் ஆட்டெருவும் கலந்து நிரப்பினோம். ஆள் உயரக் கன்றுதான் வாங்கினோம். சின்னக் கன்றை ஆடு விடாது. சுற்றிலும் சீமைக்கருவேல முள். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் முறைபோட்டு ஊற்றினோம்.

மரங்கள் மாடி உயரம் வந்ததும் தெருவுக்குப் பேவர் பிளாக் வந்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே டில்லிக்குச் சொன்னதைக் காட்டி, எங்களுக்கும் மூன்றடி விடச் சொன்னோம். ஒப்பந்தக்காரர் ஒன்றரை அடி விட்டார். மழைத்தண்ணீர் அந்த ஒன்றரை அடி வழியாகத்தான் வேருக்கு இறங்கியாக வேண்டும்.