பள்ளியில் இணையமும் முறைப்பாசனமும்

ஏரிப் பாசனம் அறிந்த கம்மாபுரம் வட்டாரப் பெற்றோர்க்குக் கடைமடையின் துயரத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தலைமடையிலுள்ளோர் அனைவரும் ஒரே வேளையில் மடை திறப்பின் கடைசி வயல் காய்ந்தே கிடக்கும். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் இணைய இணைப்பு படும் பாடும் இதுவேயாகும்.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துள்ளன. மாணவர் வருகையும் 'எமிஸ்' தளத்தில் பதிவாகிறது. கருவிகள் பெருகப் பெருக, அவை பகிர்ந்துகொள்ளும் இணைப்பில் நெருக்கடியும் பெருகுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பாடப்படம் ஒன்று 500 மெகாபைட் என்க. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அது ஒரு கணினிக்கு வந்துசேர 40 நொடி போதும். நாற்பது கணினிகள் தனித்தனியே அதனைக் கேட்டால் ஏறத்தாழ 27 நிமிடம். பாடவேளையில் பாதிக்குமேல் போயிற்று! வேகம் 8 மெகாபிட் ஆயின் ஐந்தரை மணி நேரம். கேரளப் பள்ளிகளில் இணைப்பு வேகத்தை 8 மெகாபிட்டிலிருந்து 100 ஆக உயர்த்த 2022ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்ததன் காரணம் இதனால் விளங்கும்.

எனினும், வாய்க்காலை அகலப்படுத்தினால் மட்டும் போதாது. அப்படத்தை ஒரே முறை இறக்கிப் பள்ளியின் சேமிப்புக் கணினியில் வைத்துவிடின், மற்றவை உள் இணைப்பு வழியாகவே அதனைப் பெறும். வெளி இணைப்புக்குச் சுமையில்லை. காலையில் வருகைப் பதிவுக்கும், தேர்வு நாளில் தேர்வுக்கும் முதலிடம் தரலாம். கணினிகள் தாமாகவே மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையை வகுப்புகள் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். இரவுக்கு என்றால் நடவாது; ஆய்வகத்தை அணைத்துப் பூட்டிவிடுவார்களே!

2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு இந்நெருக்கடி இல்லை. ஒருவர் பார்ப்பினும் இலட்சம் பேர் பார்ப்பினும் ஒளிபரப்பு ஒன்றே. ஆனால் புரியாத இடத்தில் அதனை நிறுத்திவைக்க மாணவனால் இயலாது.

வாய்க்காலுக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி உண்டு. பள்ளி இணைப்பைப் பங்கிடும் வேலையோ பாடம் நடத்தும் ஆசிரியர் தலையிலேயே விழுகிறது. வேகத்தைவிடப் பெரிய குறை இதுவே என்பது எம் கருத்து. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. பாடப்படம் ஒருமுறை இறங்குகிறதா, நாற்பது முறை இறங்குகிறதா, அதனைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்று அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்கலாம்.