காணிக்கையும் கணக்கும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களுக்குக் கோவில் என்பது தொழுமிடம் மட்டுமன்று. தாய்மொழியில் நாலு பேருடன் பேசுவதற்கும், கலியாணம் பேசி முடிப்பதற்கும், துக்கத்தில் தோள் கொடுப்பதற்கும் அதுவே இடம். ஆகவே வாடகைக்கும் அரிசிக்கும் போக மிஞ்சிய சிறு தொகையில் ஒரு பங்கை உண்டியலில் இடுவதை நம்மவர் ஒருநாளும் பாரமாக எண்ணியதில்லை. ஆனால் இட்ட பணம் எவ்வாறு செலவாயிற்று என்று கேட்க மட்டும் நமக்கு நா எழுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள இக்கேள்வியைப் பற்றிச் சில செய்திகளை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிற சமயத்தாரும் தத்தம் ஆலயங்களை நினைந்து இதைப் படிக்கலாம்.

கேட்பது புதுமையன்று

கணக்குக் கேட்பது இக்காலத்து நாகரிகம் கற்பித்த துடுக்குத்தனம் என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. எருசலேமின் வறியோருக்காகப் பணம் திரட்டிய அர்ச். சின்னப்பர், அதைத் தாம் ஒருவரே கையாள இசையவில்லை. தீத்துவுடன், சபைகள் தேர்ந்தெடுத்த மற்றொரு சகோதரரையும் அப்பணிக்கு அனுப்பினார். பெருந்தொகையைக் கையாளுவதில் எவரும் தம்மைக் குறைகூற இடமிருத்தலாகாது என்பதே அவர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய காரணம். அப்போஸ்தலருக்கே தேவைப்பட்ட காவல் நம் காலத்தவருக்கு வேண்டாமோ?

நம் தென்கோடிக் கடற்கரையிலும் இவ்வெண்ணம் அயலானதன்று. குமரிக் கடலோர ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோவிலுக்கு ஒதுக்குவதும், அதைத் தண்டும் உரிமையைக் குத்தகைக்கு விடுவதும் நெடுநாளைய வழக்கம். கடலில் உயிரைப் பணயம் வைத்து ஈட்டியதில் பங்கு கொடுத்தவன், அது என்னவாயிற்று என்று கேட்டால் அதில் குற்றம் என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

1983-ஆம் ஆண்டு நவம்பர் 27 முதல் நடைமுறையில் உள்ள திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது 537-ஆம் விதி. வரவு செலவுகளை ஒழுங்காக ஏட்டில் பதிந்து ஆண்டு முடிவில் அறிக்கை ஆயத்தம் செய்தல் வேண்டும் என்பது 1284-ஆம் விதி. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென விசுவாசிகள் அளித்ததை அந்நோக்கத்துக்கே செலவிடவேண்டும் என்று 1267-ஆம் விதி கூறுகிறது. இவை யாவற்றினும் முக்கியமானது 1287-ஆம் விதி. விசுவாசிகள் அளித்த காணிக்கைகளுக்கு, உள்ளூர்ச் சட்டம் வகுக்கும் முறைப்படி, விசுவாசிகளுக்கே கணக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. 1990-இல் வெளியான கீழைத் திருச்சபைகளின் தொகுப்பிலும் இதையொத்த விதி உண்டு. தம் கருத்தை மேய்ப்பர்களிடம் எடுத்துரைப்பது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையுங்கூட, என்கிறது 212-ஆம் விதி. ஆகவே கணக்குக் கேட்பவன் திருச்சபைக்கு எதிராக நிற்பவன் அல்லன். அதன் சட்டத்தின் பக்கமே நிற்கிறான்.

எறணாகுளத்தில் நிகழ்ந்தது

விதி ஏட்டில் இருப்பது வேறு, நடப்பில் இருப்பது வேறு. இதற்குச் சான்று கேரளத்திலுள்ள எறணாகுளம்–அங்கமாலி அதிமேற்றிராசனம். மருத்துவக் கல்லூரி நிறுவும் எண்ணத்துடன் நிலம் வாங்கியதில் அதற்கு ஏறத்தாழ 60 கோடி ரூபாய்க் கடன் ஏற்பட்டது. அதை அடைக்கும் பொருட்டுக் கொச்சியிலும் சுற்றுப்புறங்களிலும் சுமார் 3 ஏக்கர் நிலம் 2016-இல் விற்கப்பட்டது. ஏறத்தாழ 27 கோடி எதிர்பார்த்த இடத்தில் 9 கோடியளவே கைக்கு வந்தது என்றும், கேட்கவேண்டிய குழுக்களை முறைப்படி கேளாமல் விற்பனை நடந்தது என்றும் குருக்களே குரல் எழுப்பினர். விசுவாசிகளும் வெளிப்படைத்தன்மை கோரி ஓர் இயக்கம் கண்டனர். கர்தினால் ஜார்ஜ் ஆலஞ்சேரி தம்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களை மறுத்தார்.

2018 ஜூன் மாதத்தில் போப்பாண்டவர் பிரான்சிஸ், பாலக்காட்டு மேற்றிராணியார் ஜேக்கப் மனத்தோடத்தைத் தற்காலிக நிர்வாகியாக நியமித்தார்; அந்த ஏற்பாடு ஓராண்டு நீடித்தது. வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி, 2023 மார்ச்சில், வழக்கை விலக்கக் கோரிய கர்தினாலின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்யும் வரை சென்றது. இதற்கிடையே பூசை முறை பற்றிய வேறொரு பூசலும் சேர்ந்துகொள்ள, 2023 டிசம்பரில் கர்தினால் பதவி விலகினார். குற்றம் யாருடையது என்று தீர்ப்பது நம் வேலையன்று. கணக்கு முதலிலேயே மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால் இத்தனை மனத்தாங்கலும் நேர்ந்திருக்குமா என்பதே நம் கேள்வி.

அரசு தலையிடலாமா?

கேரளத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான சட்டச் சீர்திருத்தக் குழு 2009-இலும், நீதிபதி கே. டி. தாமஸ் தலைமையிலான குழு 2019-இலும் திருச்சபைச் சொத்துக்கள் பற்றி மசோதாக்களை வரைந்தன. சில விசுவாசிகள் வரவேற்றனர், திருச்சபைத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர், இரண்டும் சட்டமாகவில்லை. எதிர்த்தோர் அச்சத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. சமயப் பிரிவினர் தம் சொத்தைத் தாமே நிருவகிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு தருகிறது. ஆயினும் சட்டத்திற்கிணங்க நிருவகித்தல் வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆலயமானாலும் மாதா கோவிலானாலும், பதிவான அறக்கட்டளைகள் தணிக்கை செய்த கணக்கை அறநிலைய ஆணையரிடம் அளிக்கவேண்டும். இதனால் அங்கே எவருடைய பக்தியும் குன்றிவிடவில்லை.

நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

காரணம் எளிது. குழந்தையின் ஞானஸ்நானச் சான்றும், மகளின் திருமண ஓலையும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதமும், கடைசியில் கல்லறையில் ஆறடி நிலமும் பங்குச் சுவாமியாரின் கையிலல்லவோ இருக்கின்றன! அதிலும் வேற்று மாநிலத்தில், வேற்று மொழியார் நடுவே, எண்ணிக்கையில் சிறுத்த நாம் எழுந்து கேட்டால் கலகக்காரர் என்று பெயர் வருமோ என்னும் அச்சம் வேறு. இவ்வச்சம் உண்மையானது. ஆகவேதான் ஒருவர் தனியே கேட்பதினும் பலர் கூடிப் பணிவுடன் எழுத்தில் கேட்பது நன்று.

கேட்பதும் அளவோடிருக்கட்டும். ஆண்டு வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறதா? நிதிக்குழு உண்டா, அது கூடுகிறதா? உண்டியலைத் திறக்கும்போது இருவருக்குக் குறையாமல் இருந்து எண்ணிக் கையொப்பமிடுகின்றனரா? கட்டட நிதிக்கென வாங்கியது தனிக்கணக்கில் உள்ளதா? நிலம் விற்கும் முன் பங்கு மக்களுக்குச் செய்தி சொல்லப்படுகிறதா? இவ்வைந்துக்கும் விடை கிடைத்தால் போதும். வதந்திக்கும் புறங்கூறலுக்கும் அங்கே வேலையிராது. கணக்குச் சரியாக இருக்கக் கண்டால், அதை உரக்கச் சொல்லி நன்றி பாராட்டுவதும் நம் கடமையே.

இருப்புப்பாதை நிலையத்தில் பயணச்சீட்டு விற்பவன் அன்றாட வசூலை எண்ணி, ஏட்டில் எழுதி, ஒப்படைத்த பிறகே வீடு திரும்பலாம். குறைந்தால் அவன் பொறுப்பு. தணிக்கை அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னால் அதை அவன் இழிவாகக் கொள்வதில்லை. ஏனெனில் தணிக்கை, கள்ளனைப் பிடிக்கும் பொறி மட்டுமன்று. நேர்மையாளனுக்கு அதுவே கவசம். ஒழுங்காக நடக்கும் சுவாமியார்கள் பலர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய நற்பெயரைக் காப்பதும் திறந்த கணக்கேடுதான்.

கொடுப்பது அன்பு, கணக்குக் கேட்பது பொறுப்பு. இவ்விரண்டும் ஒரே மனத்தில் குடியிருக்கக் கூடியவை. நம் கோவிலாயினும், சபையாயினும், இச்சங்கமேயாயினும், இரண்டையும் சேர்த்தே நம் மக்களுக்குக் கற்பிப்போமாக.