தந்தை வெறுத்தார், வரதன் வெறுக்கவில்லை!

பூவிருந்தவல்லி பூந்தோட்டக்காரரின் கதை

சொத்துப் பிரிக்கும் நாளில்தான் சொந்தத்தின் நிறம் தெரியும் என்பார்கள். அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவதும், பெற்ற தகப்பனே பிள்ளையை வெறுப்பதும் அந்த நாளில்தான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வீட்டில் அப்படி ஒரு நாள் வந்தது. அந்த வீடு இருந்த ஊர் பூவிருந்தவல்லி. இன்று நாம் பூந்தமல்லி என்று அழைக்கும் ஊர்தான் அது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருஞ்சாலையில், இரவு பகலாக லாரிகளும் பஸ்களும் ஓடிக்கொண்டிருக்கும் ஊர்.

அந்த வீட்டில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. கஜேந்திரதாசர் என்றும் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அவர் பிறந்தது 1009-ஆம் ஆண்டு என்று வைணவப் பெரியோர் கணக்கிடுகிறார்கள். மாசி மாதம், மிருகசீரிட நட்சத்திரம்.

பிள்ளைகளுக்குப் பங்கு

நம்பியின் தந்தை வீரராகவர், தாய் கமலாயர். வணிகர் குடும்பம். பணத்துக்குப் பஞ்சம் இல்லை.

தந்தைக்கு வயதாயிற்று. பிள்ளைகளை அழைத்தார். சொத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தார். இதை வைத்து வியாபாரம் செய்து பெருக்கிக்கொள்ளுங்கள் என்றார். இப்படித்தான் கதையைத் தொடங்குகிறார்கள் பெரியவர்கள்.

மற்றப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கடை வைத்தார்கள். பங்கை இரண்டாக்கினார்கள், மூன்றாக்கினார்கள்.

நம்பி என்ன செய்தார்? நிலத்தை உழுதார். கிணற்று நீர் பாய்ச்சினார். பூச்செடி வைத்தார். தந்தை கொடுத்த பணம் முழுவதும் பூந்தோட்டமாக மாறியது.

அந்தப் பூவையாவது விற்றாரா? இல்லை! மாலையாகக் கட்டிக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போனார். அங்கே அத்திகிரியில் நிற்கும் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தினார்.

பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பஸ்ஸில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம்பி மாலைக் கூடையைச் சுமந்துகொண்டு நடந்தே போனார் என்பது ஊர் வழக்கு.

கணக்குக் கேட்டார் தந்தை

ஒரு நாள் தந்தை கணக்குக் கேட்டார். மற்றப் பிள்ளைகள் லாபத்தைக் காட்டினார்கள். நம்பியிடம் காட்டுவதற்குக் காசு இல்லை. தோட்டம்தான் இருந்தது.

தந்தைக்குக் கோபம் வந்தது. கொடுத்ததை எல்லாம் தொலைத்துவிட்டாயே என்று கடிந்துகொண்டார். கூடப் பிறந்தவர்களும் பரிந்து பேசவில்லை.

தந்தையைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஓடி ஓடிச் சேர்த்த பணம் பூவாக வாடிப் போவதைப் பார்த்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் வயிறு எரியாது? ஆனால், கடிந்துகொள்வது வேறு; மகனே வேண்டாம் என்று இருப்பது வேறு. அந்த வீட்டில் நம்பிக்கு இனி இடம் இல்லை என்று ஆயிற்று.

அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. தோட்டத்தை விற்றுக் கடை வைத்திருந்தால் வீட்டார் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அல்லது, உனக்குப் பூக் கொடுத்ததால்தானே எனக்கு இந்தக் கதி என்று பெருமாளைக் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம்.

நம்பி இரண்டையும் செய்யவில்லை. வீட்டைவிட்டு வெளியேறினார். காஞ்சிக்கே போனார். பூத்தொண்டோடு இன்னொரு தொண்டையும் மேற்கொண்டார். பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு அது. ஆலவட்டம் என்றால் பெரிய விசிறி.

விசிறி வீசுபவரோடு பேசிய பெருமாள்

சன்னிதியில் கூட்டம் கலைந்தபின், நம்பி வீசிக்கொண்டு நிற்பார். அப்போது வரதராஜர் அவரோடு வாய்திறந்து பேசுவார் என்பது வைணவர்களின் நம்பிக்கை. தகப்பன் பேச மறுத்த பிள்ளையோடு தெய்வம் பேசியது!

இந்தச் செய்தி ஊரெங்கும் பரவியது. அப்போது காஞ்சியில் ஓர் இளைஞர் இருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு பிறந்தவர். அவர்தான் பின்னாளில் உலகம் போற்றிய ராமானுஜர்.

ராமானுஜரும் நம்பினவரால் ஏமாற்றப்பட்டவர்தான். பாடம் சொல்லிக் கொடுத்த யாதவப்பிரகாசரே, காசி யாத்திரையில் அவரைக் கொல்லத் திட்டம் போட்டார் என்று வரலாறு சொல்கிறது. சிற்றன்னை மகன் கோவிந்தன் எச்சரித்ததால் அவர் தப்பினார்.

காஞ்சிக்குத் திரும்பிய ராமானுஜர், வழிகாட்டும்படி நம்பியிடம் வேண்டினார். சாலைக்கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தினமும் தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார் நம்பி. ராமானுஜரும் குடம் சுமந்தார்.

நம்பியையே குருவாகக் கொள்ள ராமானுஜர் விரும்பினார். தாம் வணிகர் குலத்தவர். அந்தணருக்குக் குருவாக இருப்பது முறை ஆகாது என்று நம்பி மறுத்துவிட்டார்.

கழுவப்பட்ட திண்ணை

ராமானுஜர் விடவில்லை. நம்பி உண்ட இலையில் மிச்சம் இருப்பதைப் பிரசாதமாக உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவரை விருந்துக்கு அழைத்தார்.

அழைத்துவர ராமானுஜர் ஒரு தெரு வழியாகப் போனார். நம்பி வேறு தெரு வழியாக வந்து சேர்ந்தார். கோயில் தொண்டுக்கு நேரமாகிறது என்று சொல்லி, ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் பரிமாறியதை உண்டுவிட்டுப் புறப்பட்டார்.

அவர் தலை மறைந்ததும் அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? இலையைத் தூர எறிந்தார். உண்ட இடத்தைச் சாணமிட்டு மெழுகினார். குளித்துவிட்டு, கணவருக்கு வேறு சமையல் செய்தார். வந்தவர் வேறு சாதி அல்லவா!

திரும்பி வந்த ராமானுஜர் துடித்துப் போனார். பின்னாளில் அவர் இல்லறத்தைத் துறந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

பிறந்த வீட்டில் பணம் சேர்க்காதவர் என்று வெறுப்பு. விருந்துக்குப் போன வீட்டில் சாதி குறைந்தவர் என்று வெறுப்பு. இரண்டுக்கும் நம்பி பதில் பேசியதாகக் கதை இல்லை. மறுநாளும் ஆலவட்டம் வீசப் போனார்.

ராமானுஜரின் மனத்தில் இருந்த சந்தேகங்களைப் பெருமாளிடம் கேட்டு விடை வாங்கித் தந்தவரும் நம்பிதான். அவற்றை ஆறு வார்த்தைகள் என்பார்கள். பெருமாளே பரம்பொருள், அவரைச் சரண் அடைவதே வழி, கடைசி மூச்சில் நினைக்க முடியாமற் போனாலும் பரவாயில்லை, பெரிய நம்பியைக் குருவாகக் கொள்க என்பன அவற்றில் சில. அதன்படி ராமானுஜர் மதுராந்தகத்தில் பெரிய நம்பியைக் கண்டு சீடர் ஆனார்.

கணக்குத் தீர்ந்ததா?

நம்பிக்குக் கடைசியாக ஒரு சோதனை வந்தது. அது பெருமாளிடமிருந்தே வந்தது!

தமக்கு மோட்சம் உண்டா என்று ஒரு நாள் பெருமாளிடம் கேட்டாராம். நீர் எமக்கு வீசினீர், யாம் உம்மோடு பேசினோம்; அதற்கும் இதற்கும் சரியாகிவிட்டது; மோட்சம் வேண்டுமானால் அடியார்க்குத் தொண்டு செய்யும் என்று பதில் வந்ததாம்.

தந்தையும் கணக்குக் கேட்டார். தெய்வமும் கணக்குச் சொல்லிவிட்டது. வேறு ஒருவர் என்றால் விசிறியைக் கீழே போட்டிருப்பார். நம்பியோ திருக்கோட்டியூருக்குப் போனார். தாம் யார் என்று சொல்லாமல் திருக்கோட்டியூர் நம்பியின் வீட்டில் மாடு மேய்த்தார் என்று முடிகிறது அந்தக் கதை.

அவருடைய கேள்விக்குச் சரியான விடை அங்கேதான் இருந்தது. பெருமாள் வீட்டில் கிடைத்த மரியாதையைவிட, மாட்டுக் கொட்டிலில் செய்த வேலை உயர்ந்தது என்று அவர் ஏற்றுக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு பிள்ளை

பூவிருந்தவல்லிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் திருமழிசை இருக்கிறது. அங்கே பிறந்தவர் திருமழிசை ஆழ்வார். உருவம் இல்லாத பிண்டமாகப் பிறந்ததால், பெற்றவர்களே அவரை மூங்கில் புதரின் அடியில் போட்டுவிட்டுப் போனார்கள் என்று புராணம் சொல்கிறது. திருவாளன் என்ற ஏழைத் தொழிலாளியும் அவன் மனைவியும் எடுத்து வளர்த்தார்கள்.

பெற்றவர்கள் விட்டெறிந்த அந்தக் குழந்தைதான் நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் பாடியது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒருவரைப் பெற்றோர் புதரில் போட்டார்கள். மற்றவரைத் தந்தை வீட்டைவிட்டு ஒதுக்கினார். இருவரையும் இன்று கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம்.

தேடி வந்த வரதன்

நம்பிக்கு வயதாயிற்று. காஞ்சிக்கு நடக்கக் கால் ஒத்துழைக்கவில்லை. மாலை கட்டி வைத்துக்கொண்டு, கொண்டுபோக முடியவில்லையே என்று கலங்கினார். அப்போது வரதராஜரே பூவிருந்தவல்லிக்கு வந்து மாலையை ஏற்றுக்கொண்டார் என்பது தல வரலாறு.

அந்த இடத்தில்தான் இன்றைய வரதராஜப் பெருமாள் கோயில் நிற்கிறது. தாயாரின் பெயர் புஷ்பவல்லி. நம்பிக்கும் அங்கே சன்னிதி உண்டு. மாசி மிருகசீரிடம் அவருடைய திருநாள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் எத்தனையோ இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. சீட்டுப் பணத்தில் ஏமாற்றிய மைத்துனன், பங்கு தராத அண்ணன், திரும்பிப் பார்க்காத பிள்ளை என்று வீட்டுக்கு ஒரு கதை இருக்கும். ‘சாமி கண்ணைத் திறக்கவில்லையே’ என்று ஒரு பெருமூச்சும் இருக்கும்.

அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் நம்பியின் சன்னிதியில் நின்று பார்க்கலாம். தந்தை கொடுத்த பங்கு அவர் கையில் நிற்கவில்லை. அவருடைய அண்ணன்மார் சேர்த்த செல்வம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் பெயர்கூட ஊரில் யாருக்கும் நினைவில்லை. பணத்தைப் பூவில் போட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் பூவிருந்தவல்லியில் தீபாராதனை காட்டுகிறார்கள்.