படிக்க ஒருவர் வேண்டும்

1964-ஆம் வருஷம் சத்யஜித் ராயின் ‘சாருலதா’ கல்கத்தாவில் வெளியானபோது, படத்தில் வரும் மனைவி தன் கணவனுக்குத் துரோகம் இழைத்தாளா என்ற கேள்விக்குச் சமமாக, படத்தை எடுத்தவர் தாகூருக்குத் துரோகம் இழைத்தாரா என்ற கேள்வியும் அந்நகரத்து அறிவாளிகளை அலைக்கழித்தது என்பதை இப்பொழுது நினைத்தால் வேடிக்கையாகவே இருக்கிறது. தாகூர் 1901-ல் எழுதிய ‘நஷ்டநீட்’ என்னும் குறுநாவல்தான் படத்துக்கு மூலம். தாகூர் வைத்த ஒரு காற்புள்ளியைப் பிறர் தொட்டாலும் பிதிரார்ஜித நிலத்தில் எவனோ வேலி போட்டுவிட்டதுபோலப் பதறிப்போகும் வங்காளத்தில், கதையை மாற்றிய குற்றம் எளிதில் மன்னிக்கப்படுமா? அசோக் ருத்ரர் என்ற விமரிசகர் மாற்றங்களைச் சுட்டிக் கண்டித்து எழுத, ராய் தாமே வங்காள மொழியில் விஸ்தாரமான பதில் எழுத நேர்ந்தது.

கதை நடப்பது 1880-ஐ ஒட்டிய கல்கத்தாவில். செல்வரான பூபதி தம் வீட்டிலேயே அச்சகம் வைத்து ‘சென்டினல்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை நடத்துகிறார். இங்கிலாந்துத் தேர்தலில் லிபரல் கட்சி ஜெயித்ததற்கு இங்கே நண்பர்களைக் கூட்டி விருந்து வைக்கிற அளவுக்கு அவருக்கு அரசியல் மோகம். மனைவி சாருவுக்கோ பிற்பகல்கள் நீண்டவை. படத்தின் முதற்காட்சியில் அவள் ஒரு கைக்குட்டையில் கணவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைப் பூவேலையாகத் தைக்கிறாள். பிறகு அலமாரியில் பங்கிம் சந்திரரின் நாவல் ஒன்றை எடுக்கிறாள். அதற்கும் பிறகு, பிடி வைத்த சிறு தூரதரிசினி ஒன்றைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக ஓடிப் பலகைகளைத் திறந்து, தெருவில் போகும் குரங்காட்டியையும் பல்லக்கையும் குடைபிடித்த பருத்த மனிதரையும் வேடிக்கை பார்க்கிறாள். அச்சமயம் உள்ளே வந்த பூபதி, ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் ஆழ்ந்தவாறே அவளைக் கடந்து போகிறார், நின்றிருப்பவளைக் காணவேயில்லை. அதே கண்ணாடியை உயர்த்தி அவள் கணவரையும் பார்க்கிறாள். அநேகமாய் ஒரு சம்பாஷணையும் இல்லாத இந்தச் சில நிமிஷங்களில், சுப்ரதா மித்ராவின் காமிராவும் மாதவி முகர்ஜியின் முகபாவமுமாகச் சேர்ந்து, ஒரு தாம்பத்தியத்தின் சரித்திரத்தையே சொல்லி முடித்துவிடுகின்றன.

இந்த வீட்டுக்குள் ஒரு புயலோடு புயலாக வந்து சேர்கிறான் அமல், பூபதிக்குத் தம்பி முறை, இலக்கியப் பித்தன். அண்ணியும் கொழுந்தனும் கேலி பேசிக்கொள்வது வங்காளக் குடும்பங்களில் வழக்கமாகவே அனுமதிக்கப்பட்ட உரிமை. போதாக்குறைக்கு, சாருவின் இலக்கியத் திறமையை அவள் அறியாமலே வளர்த்துவிடும்படி அமலிடம் கேட்டுக்கொள்பவரும் பூபதிதான். தாகூரின் அண்ணன் மனைவி காதம்பரி தேவி 1884-ல் தற்கொலை செய்துகொண்டவர். அந்தத் துயரத்தையும் இந்தக் கதையையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் ஆவல் ரசிகர்களை விட்டு இன்னும் நீங்கவில்லை. அந்த ஆராய்ச்சியில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை.

ஏனெனில், ‘சாருலதா’வைக் கொழுந்தனிடம் மனம் பறிகொடுத்த மனைவியின் கதையென்று சொல்வதில் பிழையில்லையாயினும், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் படத்தின் உயிர்நாடியைத் தவறவிட்டவர்களாவோம். தோட்டத்துக் காட்சியில் சாரு ஊஞ்சலாட, பாய் விரித்துப் படுத்து அமல் எழுதுகிறான். எழுதும் நோட்டுப் புத்தகம் அவள் தன் கையால் செய்து கொடுத்தது. அதில் எழுதுவதைப் பிரசுரிக்கலாகாது என்பது அவள் விதித்த நிபந்தனை. அவள் கேட்பது காதலனை அல்ல, தனக்கென்றே எழுதும் ஒருவனை. அவனோ ‘அமாவாசையின் ஒளி’ என்று அலங்காரத் தலைப்பிட்ட கட்டுரையைச் சஞ்சிகைக்கு அனுப்பிவிடுகிறான். சாருவின் அண்ணன் மனைவியான, இலக்கிய வாசனையே அறியாத மந்தாவோடு அவன் சரிசமமாய்ச் சிரித்துப் பேசுவதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே தானும் எழுத உட்காருகிறாள். கிழித்துப் போட்ட தாள்களுக்குப் பிறகு, ஊஞ்சலில் அசைந்தபடியிருக்கும் அவள் முகத்தின் மீதே பிறந்த கிராமத்தின் ஓடங்களும் திருவிழாவும் வாணவேடிக்கையும் படர்ந்து தோன்றுகின்றன. அந்தக் கட்டுரை, அமலின் கட்டுரை வந்ததைவிட மதிப்புள்ள ஒரு பத்திரிகையில் வெளிவருகிறது. அவள் அந்த இதழைச் சுருட்டி அவன் தலையில் அடிக்கிறாள், அடித்த கையோடு வெற்றிலையும் மடித்துத் தருகிறாள், பிறகு அவன் மார்பில் முகம் புதைத்து, இனி எழுதவே மாட்டேன் என்று விம்முகிறாள். காதலும் போட்டியும் கர்வபங்கமும் இப்படி ஒரே மூச்சில் வெளிப்பட்ட காட்சி நம் நாட்டுப் படங்களில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அமலின் முகத்தில் அப்போது பயம் தெரிகிறது; அந்தப் பயம் அவள் பிரியத்தைக் கண்டா, அவள் எழுத்தைக் கண்டா என்பது யோசிக்கத்தக்கது.

பூபதியை ஏமாற்றுவது உண்மையில் வேறொருவர். நம்பிக் கஜானாவை ஒப்படைத்த மைத்துனர் உமாபதர் பணத்தோடு கம்பி நீட்டிவிட, பத்திரிகை மூழ்குகிறது. இனி யாரைத்தான் நம்புவது என்று பூபதி அமலிடமே மனமுடைந்து பேச, அன்றிரவே அவன் சொல்லாமல் புறப்பட்டுவிடுகிறான். மூலக்கதையில் சாரு தன் நகையைப் பணமாக்கி, பதிலுக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்தி, சீமைக்குப் போன அமலுக்கு இரகசியமாய்த் தந்தி கொடுக்கிறாள். பதில் தந்தி பூபதி கையில் சிக்குகிறது. ராய் அதை நீக்கிவிட்டு, அமலின் கடிதத்தைக் கண்டு கதறுபவளைப் பூபதி தற்செயலாகக் காணும்படி செய்தார். இது தாகூருக்கு இழைத்த அபசாரமென்றால், அபசாரமாகவே இருக்கட்டும். பல பக்கங்களில் மெல்ல மெல்லப் பரவும் சந்தேகத்தைச் சினிமா அதே வேகத்தில் காட்டப் புகுந்திருந்தால், பார்ப்பவருக்குச் சந்தேகம் வருமுன் தூக்கம் வந்திருக்கும்.

என் அபிப்பிராயத்தில் விவாதம் செய்தவர்கள் அதிகம் கவனித்திருக்க வேண்டியது கடற்கரைக் காட்சியை. பத்திரிகை போன பின் மாற்றத்துக்காகக் கடலோரம் வந்த இடத்தில், மறுபடி ஒரு பத்திரிகை தொடங்கலாம், அரசியல் பகுதி ஆங்கிலத்தில் உங்களுடையது, வங்காளப் பகுதி என்னுடையது என்று சாரு யோசனை சொல்கிறாள். பூபதி குழந்தைபோல் உற்சாகம் கொள்கிறார். தம் மனைவி எழுதுகிறவள் என்பதையே அவர் பிறர் வாயால் கேட்டுச் சமீபத்தில்தான் அறிந்திருந்தார். ஊர் திரும்பியதும் அமலின் கடிதம் காத்திருக்கிறது. மூலக்கதையின் முடிவில், உத்தியோகம் ஏற்று மைசூருக்குப் புறப்படும் பூபதி முதலில் அழைத்துப் போக மறுத்துப் பின்பு அழைக்கிறபோது, வர வேண்டாமென்று சாருவே தீர்மானித்துவிடுகிறாள்; ராயின் முடிவிலோ அவள்தான் கதவைத் திறந்து அவரை உள்ளே அழைக்கிறாள். அவர் கை நீட்டுகிறார். கைகள் சேருமுன் படம் அசைவற்று நின்றுவிடுகிறது. பெர்லின் விழாவில் 1965-ல் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான். தம் படங்களில், திரும்ப எடுக்க வாய்த்தால் இருக்கிறபடியே எடுப்பேன் என்று ராய் சொன்னதும் இதைப் பற்றித்தான்.