பாட்டுக்கு முன் சொல்ல வேண்டிய பெயர்கள்

லண்டன் தமிழர் விழாக்களில் கீபோர்ட் வாசிப்பது என் வார இறுதி வேலை. ஈஸ்ட் ஹாமில் கல்யாணம், ஹரோவில் சாமத்திய வீடு, டூட்டிங்கில் அறுபதாவது பிறந்தநாள் என்று போகும். ஊரில் ஒரு பாடகர் காலமான செய்தி வந்தால், அந்தச் சனிக்கிழமைப் பட்டியலை நாங்கள் பேசிக்கொள்ளாமலே மாற்றிவிடுவோம். மறந்தாலும் யாராவது மேடையருகே வந்து, "அண்ணை, அவற்றை பாட்டு ஒண்டு பாடாமல் முடிச்சுப் போடாதேங்கோ" என்பார்கள்.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்தபோது மட்டும் அதற்கு வழியில்லை. 2020 செப்டம்பர் 25. ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற கொரோனாக் கட்டுப்பாடு இங்கிலாந்தில் அப்போதுதான் வந்திருந்தது. அஞ்சலியை ஸூமில் வைத்தோம். இணையத்தில் ஒலி போய்ச் சேரச் சிறு தாமதம் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து வாசித்தால் தாளம் நிற்காது. ஆகவே ஒருவர் கரோக்கியோடு பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டோம். திரையில் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு வரிக்கு எல்லா வாயும் அசைந்தது. இடையிசை வந்தபோதும் ஒரு வாயும் ஓயவில்லை. ஒருவர் வயலினை முணுமுணுத்தார், இன்னொருவர் மேசையில் தபேலா தட்டினார்.

திரைப்பாட்டு ஏன் நீடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. நாலரை நிமிடப் பாட்டில் பாடகர் வாய் திறப்பது ஒரு பங்கு நேரம்தான். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி வேறொரு இடையிசை என்று அடுக்கு அடுக்காகக் கட்டியது அது. எழுபது, எண்பதுகளில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வயலின்காரர்களும் தாளக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பதிவு செய்வார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் திரும்ப முதலிலிருந்து. அத்தனை பேருடைய கவனமும் அந்த ஒலிநாடாவில் ஏறியிருக்கிறது. படம் மறந்துபோன பிறகும், படத்தையே பார்த்திராத இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் பாட்டு பிடிப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வாசித்துப் பார்க்கும்போதுதான் பாடியவர்களின் திறமையும் பிடிபடுகிறது. 2023 பிப்ரவரி 4 அன்று வாணி ஜெயராம் போனார். 2025 ஜனவரி 9 அன்று பி. ஜெயச்சந்திரன். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. எங்கள் குழுப் பாடகி அதைத் தொடவே தயங்குவார். வாணியின் சுருதி அவ்வளவு சுத்தம். மயிரிழை விலகினாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும். ஜெயச்சந்திரனின் தனிப்பாட்டுகள் எளிதுபோலத் தோன்றும். பெரிய சங்கதி இல்லாமல் குரலை நேரே நிறுத்துவார். நிறுத்திப் பார்த்தவனுக்குத்தான் பாடு தெரியும். 'கேளடி கண்மணி' (1990) படத்தில் மூச்சே விடாததுபோல் ஒலிக்கும் பாட்டைப் பாட வருகிறவர்கள், எஸ்பிபி மூச்சை எங்கே ஒளித்துவைத்தார் என்று தேடியே களைத்துவிடுவார்கள்.

ஆனால் நம் அஞ்சலி பாடகரோடு நின்றுவிடுகிறது. 2025 மார்ச் 8 அன்று ஹாமர்ஸ்மித் அப்பல்லோ அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. வாத்தியக்காரர்களை முகம் பார்த்துக் கைதட்டினோம். அதே இளையராஜாவிடம் டிரம்ஸ் வாசித்து, இசைக்குழுவையும் நடத்திய புருஷோத்தமன் 2020 மே மாதம் காலமானார். 'நிழல்கள்' (1980) படப் பாட்டொன்றில் டிரம்ஸோடு திரையிலும் தோன்றியவர். மண்டபங்கள் திறந்த பிறகும் அவர் நினைவாக ஒருவரும் என்னிடம் பாட்டுக் கேட்கவில்லை.

பாடகரைத் தாண்டி மற்றவர்களின் பெயரையும் சொல்லும் விஷயத்தில் எங்களுக்கு வழிகாட்டி இலங்கை வானொலி. 1950களில் செய்தி ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டில் பலர் திரும்பி வரவில்லை. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்றவர்களின் குரல் ஒரு காரணம். இன்னொன்று அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு: படம் எது, இசை யார், பாடல் எழுதியவர் யார், பாடியவர்கள் யார் என்று சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டு சுழலும். யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர்கள் கவிஞர்களின் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட வானொலியில் கேட்டதே அதிகம். இன்று கைபேசியில் பாட்டு வருகிறது. எழுதியவரைத் தேடினால் பல நேரம் அங்கே அவர் இருப்பதில்லை.

அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், இசை, வரி, குரல் நாலையும் சொல்வோம். புல்லாங்குழலோ கிட்டாரோ வாசித்தவர் யாரென்று உறுதியாகத் தெரிந்தால் அதையும் சேர்ப்போம். கல்யாண வீட்டில் சாப்பாடு ஆறுகிறது என்று பெண் வீட்டார் முறைப்பதுண்டு. முறைக்கட்டும், அரை நிமிடம்கூட ஆகாது.