தண்ணீரில் ஈயம்: நிறம் காட்டும் நானோ தங்கம்

கம்ப்யூட்டர் இதழில் குடிதண்ணீருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது! டி.டி.எஸ். மீட்டர் வாங்கிய நண்பர்கள், "எண் குறைவாகத்தான் காட்டுகிறது, தண்ணீர் சுத்தம்தானே?" என்று சாஃப்ட்வேர் இன்ஜினியரான என்னிடம் கேட்கிறார்கள். உப்பு குறைவு என்பது சரி. ஈயம் போன்ற கன உலோகங்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

இந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் பாயும் அளவைப் பார்த்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். மீட்டரில் இது தெரியவே தெரியாது. ஈயத்தை நாக்கும் கண்டுபிடிக்காது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

இங்கேதான் நானோ தங்கம் உதவுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தங்கத்தை 13 நானோமீட்டர் துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால், மஞ்சளாக அல்ல, சிவப்பாகத் தெரியும். துகள்கள் ஒன்றாகக் கூடினால் நீலமாகிவிடும்.

அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியு, யி லூ இருவரும் 2003ல் இதை ஈயச் சோதனையாக மாற்றினார்கள். டி.என்.ஏ. இழைகள் துகள்களைச் சேர்த்துக் கட்டும், கரைசல் நீலமாகும். ஈயம் இருந்தால் இழை வெட்டுப்படும், துகள்கள் பிரிந்தே இருக்கும், நிறம் சிவப்பு.

இடைப்பட்ட ஊதா நிறத்தைக் கண்ணால் அளக்க முடியாது. கம்ப்யூட்டரால் முடியும். எந்த நிறமும் அதற்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள்தான். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. குங்குமம் கரைத்த தண்ணீரைப் போட்டோ எடுத்து பெயிண்ட் புரோகிராமில் திறவுங்கள். கலர் பிக்கரால் தண்ணீரைத் தொட்டு, எடிட் கலர்ஸ் கிளிக் செய்தால் மூன்று எண்களும் தெரியும். ஈய அளவு தெரிந்த சில மாதிரிகளையும் அதே வெளிச்சத்தில் படமெடுத்து இந்த எண்களை ஒப்பிட்டால், புதிய தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்று கணக்கிடலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த 2003 சோதனை கண்டுபிடித்த மிகக் குறைந்த அளவே லிட்டருக்குச் சுமார் 0.02 மில்லிகிராம்; வழிகாட்டு அளவைப் போல இரண்டு மடங்கு. எனவே நீலம் வந்தால் ஈயமே இல்லை என்று பொருளல்ல. சந்தேகம் இருந்தால் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, "ஈயம் பார்க்க வேண்டும்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.